முகம் திருப்பிய அரங்கன்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்கு வரும் பேருந்து, ஊரை நெருங்குகையில் இரு குன்றுகளுக்கு நடுவே புகுந்து செல்லும். வலப்புறம் ராஜகிரி, இடப்புறம் கிருஷ்ணகிரி. முன்னதை ராஜாக் கோட்டை என்றும் பின்னதை ராணிக் கோட்டை என்றும் மக்கள் வழங்குவர்.

தை மாதத்துக் காலை ஒன்றில் அந்தப் பேருந்தில் முதிய தம்பதி ஒருவர் அமர்ந்திருந்தனர். பெரியவருக்கு வயது 75, அம்மையாருக்கு 70. மணம் முடிந்து 49 ஆண்டுகள். பேத்திக்கு நல்ல இடத்தில் நிச்சயதார்த்தம் நடந்தால் சிங்கவரத்து அரங்கநாதருக்குத் துளசி மாலை சாத்துவதாக அம்மையார் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதல் பலித்தது, இருவரும் புறப்பட்டுவிட்டனர்.

ராஜகிரி கண்ணில் பட்டதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. மணமான முதலாண்டில் இங்கு வந்தபோது அதன் உச்சிவரை ஏறி இறங்கியவர் அவர். ஏறத்தாழ 800 அடி உயரம். அம்மையார் அப்போது தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தார். ஆகவே அடிவாரத்தில் கல்யாண மகாலின் நிழலில் காத்திருந்தார்.

"தரிசனம் முடிஞ்சு திரும்பறப்ப ராஜகிரி மேலயும் ஏறிட்டு வந்துடலாம். உச்சியில அரங்கநாதர் கோயில் ஒண்ணு இருக்கு. அன்னிக்கு நீ பார்க்கலையே" என்றார் பெரியவர்.

அம்மையார் மறுமொழி கூறவில்லை. முகத்தை இடப்புறமாகத் திருப்பி, கிருஷ்ணகிரியைப் பார்க்கத் தொடங்கினார்.

ஐம்பதாண்டை நெருங்கும் இல்லறத்தில் இந்த முகத்திருப்பலின் பொருள் தெரியாத கணவர் இலர். தெரிந்தும் தெரியாதவர்போல் இருப்பவரே பலர். பெரியவரும் ராஜகிரியையே பார்த்துக்கொண்டு வந்தார். ராஜா ஒரு பக்கம், ராணி ஒரு பக்கமாக, நடுவே பேருந்து ஓடிற்று.

படிகளில் ஒரு வழக்கு

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது சிங்கவரம். வயல்களும் பாறைக் குன்றுகளும் மாறிமாறி வரும் சிற்றூர். ஊரை ஒட்டிய குன்றின்மேல், பாறையைக் குடைந்து அமைத்த கருவறையில் பள்ளிகொண்டிருக்கிறார் அரங்கநாதர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை என்று இதனைக் கூறுவர். அவன் அரசாண்டது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பெருமாளைச் சேவிக்க 100-க்கும் மேற்பட்ட கற்படிகளை ஏறிச் செல்ல வேண்டும்.

இள வெயில் ஏறுமுன் இருவரும் படியேறத் தொடங்கினர். பெரியவர் கையில் துளசி மாலை. அம்மையார் தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பையில் தண்ணீர், பெரியவரின் மாத்திரைகள், இரண்டு மூக்குக் கண்ணாடிகள், விசிறி, ஈரத்துண்டு, ஒரு சிறு டப்பாவில் தயிர்சாதம் ஆகியவை இருந்தன.

"அரை நாள் பயணத்துக்கு இவ்வளவு எதுக்கு?" என்று பெரியவர் வீட்டிலேயே கேட்டிருந்தார். பத்தாம் படியில் தண்ணீர் கேட்டார். முப்பதாம் படியில் விசிறி கேட்டார். ஐம்பதாம் படியில் கண்ணாடி கேட்டார். ஒவ்வொன்றையும் அம்மையார் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். இத்தகைய மௌனத்துக்கு எதிர்வாதம் செய்ய எந்த வழக்கறிஞராலும் இயலாது.

முதுமைக்கால இல்லறத்தில் பெரிய சண்டைகள் இல்லை. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன், மாமியார், நாத்தனார் என்று இளமையில் சண்டையிடப் பெரிய பொருள்கள் இருந்தன. அவையெல்லாம் தீர்ந்தபின் எஞ்சுபவை சிறு பொருள்களே. இத்தம்பதியரின் வீட்டில் மின்விசிறி அவற்றுள் ஒன்று. பெரியவருக்கு அது ஐந்தில் சுழல வேண்டும். அம்மையாருக்கு இரண்டே மிகுதி. பல ஆண்டு வழக்காடி மூன்றில் நிறுத்தியிருக்கின்றனர். இருவருக்கும் திருப்தியில்லை, ஆயினும் இருவரும் உறங்குகின்றனர். இரவில் வாசற்கதவைப் பெரியவர் தாழிடுவார். அவர் படுத்தபின் அம்மையார் எழுந்து சென்று தாழை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். இதில் பெரியவருக்கு வருத்தமுண்டு. எனினும் அம்மையார் மகள் வீட்டுக்குச் சென்றிருந்த ஒரு வாரமும் அவரே இருமுறை எழுந்து தாழைத் தொட்டுப் பார்த்தார். இதனை அவர் எவரிடமும் கூறியதில்லை.

பள்ளிகொண்ட பெருமாள்

படிகள் முடிந்து சந்நிதிக்குள் நுழைந்ததும் வெயிலும் வழக்கும் வெளியே நின்றுவிட்டன. ஒரே பாறையில், மலையோடு மலையாக, அனந்தன்மேல் சயனித்திருக்கிறார் பெருமாள். 24 அடி நீளம் என்று கூறப்படும் திருமேனி. திருவரங்கத்துப் பெருமாளினும் நீளமானவர் என்று இவ்வூரார் பெருமையோடு கூறுவர். தீபத்தின் ஒளி திருமுடியிலிருந்து திருவடி நோக்கி நகர நகர, இருளிலிருந்து அரங்கன் சிறிது சிறிதாக வெளிப்படுகிறார். சேவிப்போரின் கண்கள் பாம்பணையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு பயணமே செய்கின்றன.

பெரியவர் கைகூப்பி நின்றார். அம்மையார் மெல்லிய குரலில், "நீங்களும் சாப்பிட்டதும் இப்படித்தான் படுக்கிறீங்க. ஆனா அவர் உலகத்தைக் காத்துக்கிட்டே படுத்திருக்கார்" என்றார். சந்நிதி என்பதால் பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பேருந்தில் தொடங்கிய மௌனம் அங்கே சற்றுத் தளர்ந்தது.

துளசி மாலையைப் பெற்றுச் சாத்திய அர்ச்சகர், தீபத்தைத் திருமுகத்தருகே காட்டி, இத்தலத்துக்கு வருவோர் யாவருக்கும் சொல்லப்படும் செய்தியைச் சொன்னார்: "பெருமாள் திருமுகத்தை நல்லா சேவிச்சுக்குங்கோ. தேசிங்கு ராஜா யுத்தத்துக்கு உத்தரவு கேட்டு வந்து நின்னப்போ, வேண்டாம்னு முகத்தைத் திருப்பிண்டார்."

பெரியவர் திருமுகத்தைப் பார்த்தார். பின்னர் தம்மையறியாமல் அருகில் நின்ற அம்மையாரைப் பார்த்தார்.

கேளாத உத்தரவு

தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்திலோ கதைப்பாடலிலோ திரைப்படத்திலோ அறியாத தமிழ் முதியோர் அரியர். வரலாற்றில் அவன் பெயர் தேஜ் சிங். அவனுடைய தந்தை சொரூப் சிங், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டையின் பொறுப்பைப் பெற்ற புந்தேல ராஜபுத்திரர். 1714-இல் தந்தை மறைந்தபின் தேஜ் சிங் செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றான். திறைப் பாக்கி கேட்டார் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான், இளைஞன் மறுத்தான். அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. பெரும்படைக்கு எதிரே சிறுபடையுடன் சென்ற தேஜ் சிங் களத்தில் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது 22 என்பர்.

சிங்கவரத்து அரங்கன் அவனுடைய வழிபடு தெய்வம் என்கிறது மக்கள் மரபு. போருக்குமுன் இக்குன்றேறி வந்து உத்தரவு கேட்டானாம். பெருமாள் வாய் திறவாமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாராம். பொருள் புரிந்தும் அவன் புரியாதவன்போல் பாராசாரி என்னும் குதிரைமேல் ஏறிப் போனான்.

அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். ராணிபாய் என்று கதைப்பாடல் அவளுக்குப் பெயர் சொல்லும். கணவனின் சிதையில் அவளும் உயிர் நீத்தாள். அவள் நினைவாகப் பாலாற்றின் மறுகரையில், ஆர்க்காட்டுக்கு எதிரே நவாப் அமைத்த ஊரே இன்றைய ராணிப்பேட்டை என்று வழங்கி வருகிறது. தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கானும் அப்போரிலேயே மடிந்தான். அவன் தன் மண மேடையிலிருந்து எழுந்து களத்துக்கு வந்தவன் என்பது கதை.

செஞ்சியின் பாட்டுகள் இவர்களின் வீரத்தைப் பாடுகின்றன. அது தகும். ஆயினும் 70 வயதைக் கடந்தவர்கள் இச்சந்நிதியில் நின்று அக்கதையைக் கேட்கும்போது, மனத்தில் வேறொன்றும் தோன்றும். அந்த இளம் தம்பதியருக்கு மின்விசிறிச் சண்டைக்கு ஒப்பான ஒரு சண்டைகூடக் கிட்டவில்லை. நரைத்த தலைகளோடு எதிரெதிரே அமர்ந்து, உப்புக் குறைந்தது பற்றி வாதிட அவர்களுக்கு ஒரு நாளும் அமையவில்லை. முகம் திருப்பியவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அமைந்திருக்கலாம்.

தாயார் சந்நிதியில்

அரங்கநாதரைச் சேவித்தபின் ரங்கநாயகித் தாயார் சந்நிதி. அதனை அடுத்து, பாறையில் செதுக்கிய பழமையான கொற்றவை, எருமைத் தலைமேல் நின்ற கோலத்தில் காட்சி தருகிறாள். அவள் காலடியில் மண்டியிட்டிருக்கும் வீரன் ஒருவன் தன் தலையையே அரிந்து தர முனைபவனாகக் காணப்படுகிறான். பல்லவர் காலத்து வீர வழிபாட்டின் கல் சாட்சி அது.

அம்மையார் நெடுநேரம் அவ்வீரனைப் பார்த்தார். "தலையையே கொடுக்கிறான் பாருங்க. உங்களைத் தலைக்குக் குல்லா போட்டுக்கச் சொல்லி மார்கழி முழுக்கக் கெஞ்சினேன்" என்றார்.

பின்னர் தாயாரிடம் திரும்பிக் கண் மூடினார். எப்போதும் குங்குமம் பெற்றதும் நகர்ந்துவிடும் பெரியவர், அன்று பக்கத்தில் நின்று அவர் முகத்தைக் கவனித்தார். மூடிய இமைகளின் ஓரம் நனைந்திருந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் ஓரிரவு பெரியவருக்கு நெஞ்சு படபடத்து வேர்த்தது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த மூன்று இரவுகளும் அம்மையார் வெளியே ஒரு பலகையில் அமர்ந்திருந்தார். பெரியவர் வீடு திரும்பியபின் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. சற்றே நிதானமாகப் படியேறலாம், அதற்குமேல் உடலை வருத்தக்கூடாது என்பது மருத்துவர் சொன்னது. அதனைப் பெரியவர் மறந்துவிட்டார், அம்மையார் மறக்கவில்லை. காலையில் பேருந்தில் கிருஷ்ணகிரியை நோக்கித் திரும்பிய முகத்தில் இருந்தது கோபமன்று, அந்த மூன்று இரவுகள்.

தெய்வங்களின் ஊடல்

இருவரும் கோயில் மண்டபத்தில் அமர்ந்து தயிர்சாதம் உண்டனர். இத்தம்பதியர் திருவண்ணாமலைக்காரர்கள் ஆதலின் ஊடல் அவர்களுக்குப் புதிதன்று. ஊடலுக்கென ஒரு தெருவையும் ஒரு திருவிழாவையும் வைத்திருக்கும் ஊர் அது. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல் நிகழும். தன்னை விடுத்துச் சிவனை மட்டுமே வலம் வந்த பிருங்கி முனிவருக்கு இறைவன் அருள முற்பட்டதே காரணம். அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்வாள். சுந்தரர் தூது நடப்பார். தூது பலிக்காது. சுவாமி தனியே மலையைச் சுற்றி வருவார். மறுநாள்தான் ஊடல் தீரும்.

திருவரங்கத்திலும் இவ்வாறே. பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் உறையூர் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புவார். படிதாண்டாப் பத்தினி எனப் போற்றப்படும் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவார். கெஞ்சலும் மறுப்புமாகப் பிரணய கலகம் நடக்கும். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைப்பார். அதன்பின் பங்குனி உத்திரத்தன்று பெருமாளும் தாயாரும் சேர்ந்து காட்சி தருவர். அச்சேர்த்தியின் முன்னிலையில்தான் இராமானுசர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தார் என்பது வைணவ மரபு.

உலகாளும் தம்பதியருக்கே ஊடல் உண்டெனில், ஓய்வூதியம் வாங்கும் தம்பதியருக்கு இருப்பதில் குறையொன்றுமில்லை. திருவள்ளுவரும் 133 அதிகாரங்களை வகுத்து, இறுதி அதிகாரத்துக்கு ஊடலுவகை என்று பெயரிட்டார். அறத்தில் தொடங்கிய நூல் அங்கே வந்து நிறைவடைகிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கதவடைப்பவள் கதவின் மறுபுறத்திலேயே நிற்கிறாள். முகம் திருப்புபவர் எழுந்து போய்விடுவதில்லை. அந்தத் திருப்பலில் ஒரு சொல் இருக்கிறது. அது என்னவென்று அறிந்துகொள்ளவே ஒரு நீண்ட இல்லறம் தேவைப்படுகிறது.

இறங்கும் வழியில்

படியிறங்குகையில் அம்மையார் முன்னே சென்றார். முழங்கால் வலிக்கும் அவருக்கு இறக்கம்தான் கடினம். பெரியவர் ஒரு படி கீழே இறங்கித் தோளைக் காட்டினார். அம்மையார் அதில் கைவைத்து இறங்கினார். பையை யார் சுமப்பது என்று ஒரு சிறு வழக்கு எழுந்தது. பெரியவர் வென்றார்.

இவ்வட்டாரத்தில் திருநாதர்குன்று என்னும் இடமும் உண்டு. பெரும்பாறை ஒன்றில் 24 சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. ஆட்டோ ஓட்டுநர் இதனைச் சொன்னபோது அம்மையார் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தார். காலைக் காப்பியில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்த அன்று வீட்டில் நடந்தது இருவருக்கும் நினைவிருந்தது.

"57 நாள்!" என்றார் அம்மையார்.

"சரி, சரி. நாளையிலிருந்து சர்க்கரையே வேண்டாம்" என்றார் பெரியவர்.

"அரை ஸ்பூன் போட்டுக்கலாம்" என்று அம்மையார் தீர்ப்பளித்தார்.

கல்யாண மகாலின் நிழல்

செஞ்சிக் கோட்டை வாயிலில் ஆட்டோ நின்றது. சோழ மண்டலத்தின் இந்த மலைக்கோட்டையை 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றினார். 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மராத்தியரின் போர்க்கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நுழைவுச் சீட்டு வாங்கிய பெரியவர் ராஜகிரியை அண்ணாந்து பார்த்தார். உச்சிக் கட்டடங்கள் வெயிலில் பளிச்சிட்டன. அம்மையார் வாய் திறக்கவில்லை. அவர் முகம் மட்டும் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

முழுவதும் திரும்புமுன் பெரியவர் சொன்னார்: "மேல ஏறலைம்மா. பெருமாளைத்தான் அங்கேயே 24 அடிக்குச் சேவிச்சாச்சே. வா, கல்யாண மகால்ல உட்காரலாம்."

திரும்பிய முகம் நின்றது. "கால் வலிக்குதா?" என்று கேட்டார் அம்மையார், கவலையுடன்.

"இல்லை. உத்தரவு கிடைக்கலை" என்றார் பெரியவர்.

கல்யாண மகால் சதுரமான முற்றமும் நடுவே நீர்க்குளமும் கொண்டது. மாடம்மேல் மாடமாக உயர்ந்து கூம்பிய முடியோடு நிற்கும் கோபுரம். அரசகுலப் பெண்டிர் தங்கிய இடம் என்பர். வளைவுகளின் நிழலில் இருவரும் அமர்ந்தனர். 49 ஆண்டுகளுக்கு முன் அம்மையார் தனியே காத்திருந்த இடம். இம்முறை காத்திருக்க ஒருவரும் இல்லை. காக்கவைக்கவும் ஒருவரும் இல்லை.

சற்று நேரம் கழித்து அம்மையார் கேட்டார்: "அன்னிக்கு மேல போய் என்னதான் பார்த்தீங்க? கேட்டேன், அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டுப் பஸ்ஸில தூங்கிட்டீங்க. இன்னும் சொல்லலை."

பெரியவர் வியந்து போனார். 49 ஆண்டுகள் அக்கேள்வி காத்திருந்தது. அவர் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். படிகள் செங்குத்தாக ஏறுவதையும், உச்சிக்குச் சற்றுமுன் மலை பிளந்து ஆழமான பள்ளமாகக் கிடப்பதையும், அதன்மேல் சிறு பாலம் ஒன்றால் கடக்க வேண்டியதையும் சொன்னார். பாலத்தின் நடுவில் நின்றபோது கால்கள் நடுங்கியதை முதன்முறையாக ஒப்புக்கொண்டார். உச்சியில் அரங்கநாதர் கோயிலருகே காற்று ஆளைத் தள்ளியதையும், அங்கிருந்து கீழே பார்த்தபோது இந்தக் கல்யாண மகால் ஒரு கைப்பெட்டி அளவே தெரிந்ததையும் கூறினார்.

"நான் தெரிஞ்சேனா?" என்றார் அம்மையார்.

"தெரியலை. ஆனா உள்ளே இருக்கேன்னு தெரியும். அதனாலதான் சீக்கிரமா இறங்கினேன்."

அம்மையார் பையைத் திறந்து மத்தியான மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து நீட்டினார். பெரியவர் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார்.

மாலைப் பேருந்து மீண்டும் இரு குன்றுகளுக்கும் நடுவே சென்றது. இப்போது ராஜகிரி இடப்புறம், கிருஷ்ணகிரி வலப்புறம். சன்னலோரம் அமர்ந்திருந்த அம்மையார் ராஜகிரி உச்சியைத் தேடிப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர் ராணிக் கோட்டையைப் பார்த்தவாறே கண்ணயர்ந்தார்.